பீரோவில் வந்தவரின் சாட்சி

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெள்ளத்தில் சிலுவை அண்ணாச்சி ஏரலிலிருந்து புன்னைக்காயலுக்கு ஒரு பீரோவில் உட்கார்ந்து வந்தார். சும்மா தகர பீரோ இல்லை. ஆளுயரக் கண்ணாடி பதித்த தேக்கு பீரோ. மேல்தட்டில் ஒரு வெள்ளாடு, கீழ்த்தட்டில் ஒரு தையல் மிஷின், நடுத்தட்டில் சிலுவை. ஆத்தூர்ப் பாலத்துக்கு அடியில் போகும்போது சிலுவை தலையைக் குனிந்துகொண்டார். ஆடும் குனிந்துகொண்டது. வெள்ளம் போன வேகத்தைச் சொல்லி முடியாது. பீரோ போன வேகம் அதற்கும் மேலே. முகத்துவாரத்தில் வந்து இறங்கிப் பார்த்தால், வெள்ளம் இன்னும் வழியிலிருக்கிற முக்காணியையே தாண்டவில்லை. என்ன செய்வது? ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வெள்ளம் வந்து சேரட்டும் என்று கரையில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம்ப முடியவில்லையா? புன்னைக்காயலில் ஒருத்தரும்தான் நம்பவில்லை. மீன் ஏலம் முடிந்து கூடைகள் காலியாகிற மத்தியான நேரத்தில், தாமிரபரணி கடலோடு கலக்கிற அந்த மணல்மேட்டில், கதையின் இந்த இடம் வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். யாராவது ஒருத்தன் கேட்பான்: “எல்லாம் சரிவே. இதுக்குச் சாட்சி யாரு?”

சிலுவை பதில் சொல்லமாட்டார். பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். அங்கே தஸ்நேவிஸ் பர்னாந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தமாட்டார். உதட்டில் இருக்கிற பீடியை எடுக்கவும் மாட்டார்.

“நான் பாத்தேன்,” என்பார்.

அவ்வளவுதான். நாள் முழுக்க அவர் பேசுகிற பேச்சே ஒரு கைக்குள் அடங்கும். அதில் பொய் இருந்து யாரும் கண்டதில்லை. மாதா கோயில் சாமியார்கூட, பூசைக்கு யார் வந்தார் யார் வரவில்லை என்று தஸ்நேவிஸிடம்தான் கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் கோயில் தூண் மாதிரி உட்கார்ந்துகொண்டு ‘நான் பாத்தேன்’ என்று சொல்லிவிட்டால், சிரித்தவன் வாயை எங்கே கொண்டு வைத்துக்கொள்வான்? ஆடு குனிந்ததா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்கள். “குனிஞ்சிச்சி,” என்றார் தஸ்நேவிஸ்.

இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். பிறகு தஸ்நேவிஸ் மீன்பிடி வள்ளத்தில் ஏறினார். சிலுவை தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேனில் ஏறினார். சாமானியப்பட்ட கிரேனா அது? அதன் உச்சியிலிருந்து பார்த்தால் கொழும்பில் எந்த வீட்டு மாடியில் என்ன நிறச் சேலை காய்கிறது என்று தெரியும். ஒருநாள் ஒரு மஞ்சள் சேலை காற்றில் பறந்ததைப் பார்த்துவிட்டு, சிலுவை அந்த வீட்டுக்குத் தந்தி அடித்தார். சேலைக்காரி நன்றி சொல்லித் திருப்பி அடித்த தந்தியையும் தஸ்நேவிஸ் பார்த்திருக்கிறார். கலியாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், பெண் கொடுக்க வந்தவர்களின் வரிசை பழையகாயல் வரை நீண்டு, பஸ் போக வழியில்லாமல் போலீஸ் வந்து கலைத்துவிட்டது என்பார். வரிசையையும் தஸ்நேவிஸ் பார்த்தார். போலீஸையும் பார்த்தார்.

ஓய்வு பெற்ற மறுநாளே ஊரோடு வந்துவிட்ட சிலுவைக்கு, மத்தியானக் கடற்கரைதான் ஆபீஸ். வள்ளங்கள் வரிசையாக வரும். ஏலக்காரன் தொண்டை கிழியக் கத்துவான். யார் வீட்டு ரேடியோவோ மாநிலச் செய்திகள் வாசிக்கும். காக்காய்களும் கொக்குகளும் சிலுவை கதையைக் கேட்பதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கும். ஊரில் டிவிப் பெட்டிகளை எண்ணிவிடக்கூடிய காலம் அது. சிலுவை இருக்கும்போது டிவி எதற்கு என்று வாங்காதவர்களும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் சிரிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்படுகிற ஆள். தஸ்நேவிஸின் பேத்தி ஆன்லின். வயசு ஐந்து. இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும். சிலுவை வாயைத் திறந்ததுமே, “பொய்யி,” என்பாள்.

“ஏட்டி, இன்னும் நான் ஒண்ணும் சொல்லவே இல்லையே!”

“சொல்லப் போறது பொய்யி.”

கதை முடிந்ததும் நேராகத் தாத்தாவிடம் போவாள். அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். கண்ணுக்கு நேரே கண்ணை வைப்பாள். “தாத்தா, நெசமா?”

“நான் பாத்தேன்ளா.”

அவள் திரும்பி வந்து சிலுவையிடம் தீர்ப்புச் சொல்வாள்: “நெசம்.” ஏதோ பாளையங்கோட்டைக் கோர்ட்டில் ஜட்ஜ் சொல்வதுபோல இருக்கும். தாத்தா பார்த்திருந்தால் நிஜம், பார்க்காவிட்டால் பொய். அவளுக்கு உலகம் இந்த இரண்டு அறைதான்.

தொண்ணூற்றைந்தில், தெற்கத்திச் சோழகக் காற்று ஓய்கிற மாசத்தில், தஸ்நேவிஸ் இறந்துபோனார். வலை தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வேன் பிடித்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் மகன் டைட்டஸ், ஆன்லினின் அப்பா; பின்னால் தஸ்நேவிஸ் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிலுவை. ஸ்ரீவைகுண்டம் தாண்டவில்லை. வேன் திரும்பி வந்தது.

ஆன்லின் அப்போது ஊரில் இல்லை. அவள் அம்மா கிரேஸிக்கு ஜெபராணி என்று ஓர் அக்கா, ராதாபுரத்தில் டீச்சர். லீவுக்கு அங்கே போயிருந்தாள். சின்னப்பிள்ளை பயந்துவிடும், கூட்டி வரவேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகுதான் ஜெபராணி அவளைக் கொண்டுவந்து விட்டாள்.

பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்த பிள்ளை, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டது: “தாத்தா எங்க?”

கிரேஸி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அழுதுவிடுவாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது: “கடலுக்குப் போயிருக்காவ.”

அவளைக் குறை சொல்லி என்ன? அந்த ஊரில் ஒரு பெண் ஒரு நாளைக்கு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அதிகம் சொல்கிறாள். வாசலில் யார் வந்து யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். வேறு ஊராக இருந்தால் மெட்ராஸ் போயிருக்காவ, மோட்சத்துக்குப் போயிருக்காவ என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். ஆனால் புன்னைக்காயலில், கடலுக்குப் போனவர்கள் மத்தியானம் திரும்பி வந்துவிடுவார்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் ஆன்லின் கரையில் நின்றாள்.

ஒவ்வொரு வள்ளமாக வந்து கரையேற, கிட்டே போய்ப் பார்த்தாள். கடைசி வள்ளம் வந்ததும் வீட்டுக்குப் போனாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஆட்களைக் கேட்க ஆரம்பித்தாள்: “எங்க தாத்தாவப் பாத்தீயளா?”

கடலில் சுறாவின் வாய்க்குள்ளே கையை விட்டு மீனைப் பிடுங்குகிற ஆம்பிளைகள். அந்தக் கேள்விக்கு முன்னால் அத்தனை பேரும் நெத்திலியாகச் சுருங்கிப்போனார்கள். ஒருத்தன், “பின்னால வாராவ மக்கா,” என்றான். ஒருத்தன், மணப்பாட்டுக் கரையில் நிற்கிறார் என்றான். இன்னொருத்தன் அதே நேரத்தில் வேம்பாற்றில் பார்த்ததாகச் சொன்னான். வேறொருத்தன் தாத்தா பெரிய திமிங்கிலத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதால் லேட்டாகிறது என்றே சொல்லிவிட்டான்.

சிலுவைக்குக் காது கூசியது. இத்தனை வருஷம் ஊருக்கே ஒற்றை ஆளாகப் புளுகியவர். இப்போது கரை முழுக்கப் புளுகர்கள். அதிலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? மணப்பாடு தெற்கே, வேம்பாறு வடக்கே. ஒரே மனுஷன் ஒரே மத்தியானத்தில் இரண்டு இடத்திலும் எப்படி நிற்பார்? திமிங்கிலமாம், திமிங்கிலம்! அதை எதில் கட்டி இழுக்கிறார், கயிறு எது, அதையாவது சொன்னானா? “தெரியாத தொழிலுக்கு ஏம்லே வாறீய?” என்று திட்டத்தான் வாயெடுத்தார். அப்போது ஆன்லின் திரும்பித் தெற்கே ஒரு தடவை பார்த்தாள், வடக்கே ஒரு தடவை பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். சிலுவை வாயை மூடிக்கொண்டார்.

அவரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொன்னால் பொய் என்பாள். பிறகு வழக்கம்போலத் தாத்தாவைத் தேடித் திரும்புவாள். அந்தத் திரும்பலைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. சொல்லப்போனால், அவரே கதையின் நடுவில் அப்படித் திரும்பிப் பார்த்துவிட்டு, காலி மணலைக் கண்டு பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போன ஆள்தான். அதற்குப் பிறகு கடற்கரையில் அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. ஊரே உப்புப் போடாத குழம்பு மாதிரி ஆகிவிட்டது. கொக்குகள் வருவதை நிறுத்திவிட்டன.

ஒருநாள் மத்தியானம். கடைசி வள்ளமும் கரையேறிவிட்டது. ஏலத்தில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். சிலுவை எதேச்சையாக முகத்துவாரத்துப் பக்கம் பார்த்தால், ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ஆன்லின். தலையில் தாத்தாவின் துண்டைக் கட்டியிருந்தாள். ஒரு கையில் தூக்குவாளியை நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தாள். அலைக்கு அலை உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

அறுபது வயசு மனிதர் அன்றைக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அவர் காலடியில் கிளம்பிய மணல் காயல்பட்டினத்தில் போய் விழுந்தது என்று சொல்வார்கள். சிலுவை சொல்வதில்லை, அன்றைக்கு ஓடியதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. தண்ணீருக்குள் பாய்ந்து அவிழ்ந்த சடையைப் பிடித்து இழுத்தார். இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். அவள் கையைக் காலை உதறினாள்.

“விடுங்க! தாத்தாவுக்குக் கஞ்சி கொண்டு போறேன். இத்தனை நாளாச்சு, பசிக்கும்லா?”

தூக்குவாளியில் பாதிக் கஞ்சி இருந்தது. ஒரு கருவாட்டுத் துண்டும் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் டைட்டஸ் வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. கிரேஸி சுவரோரமாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “நான் சொன்ன சொல்லுல எம்பிள்ளையக் கடலு கொண்டு போயிருக்குமே.”

“நாளைக்குச் சொல்லிருவோம்,” என்றான் டைட்டஸ்.

“நேத்தும் நாளைக்குன்னுதான சொன்னீய.”

“எப்படிச் சொல்ல? அப்பா பேரச் சொல்ல ஆரம்பிச்சாலே தொண்டை அடைக்கி.” அவன் சிலுவை பக்கம் திரும்பினான். “மாமா, நீங்க சொல்லுங்க.”

சிலுவைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நானா? ஊருல வேற ஆளே கெடைக்கலியாலே? நான் ‘விடிஞ்சிட்டு’ன்னு சொன்னாலே உம்மவ ஜன்னலத் திறந்து பாப்பா.”

“கடைசி வர அப்பாகூட இருந்தது நீங்கதான மாமா.”

சிலுவை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையிலிருந்தே அவருக்குள் ஒரு கதை தானாக வளர ஆரம்பித்துவிட்டது. என்ன கதை தெரியுமா? கடலுக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது. கொற்கைத் துறைமுகம் மண்ணுக்குள் போனபோது அதன் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் இறங்கிவிட்டன. முத்து கூழாங்கல் மாதிரி இறைந்து கிடக்கும். அந்த ஊருக்கு நல்ல வலைக்காரர் ஒருத்தர் வேண்டும் என்று ஆள் அனுப்பி, பல்லக்கில் தஸ்நேவிஸை... ஐயோ, எப்பேர்ப்பட்ட கதை! சிலுவை தன் வாழ்நாளில் புளுகிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் இதன் கால் முட்டுக்கு வராது. நாக்கு அரித்தது. ஆனால் பல்லக்குப் போன இடத்துக்குப் பிள்ளை தூக்குவாளியோடு கிளம்பிவிடும். சிலுவை நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தக் கதையைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்.

கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் ஆன்லின் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அம்மா அவள் கையை விடாமல் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். சிலுவை எதிரே மணலில் சம்மணம் போட்டார்.

“ஏளா, ஒரு விஷயம் சொல்லுதேன்.”

“பொய்யி.”

“தாத்தா செத்துப்போயிட்டாவ.”

சொல்லிவிட்டார். ஆட்டையும் காணோம், தையல் மிஷினையும் காணோம். இவ்வளவு சின்ன வாக்கியத்தை அவர் அதுவரை சொன்னதே கிடையாது.

ஆன்லின் அவரையே பார்த்தாள். “பொய்யி,” என்றாள். பிறகு, “தாத்தா வரட்டும், கேக்கேன்,” என்றாள்.

தள்ளி நின்ற கிரேஸி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிலுவை மணலைக் கையில் அள்ளினார், போட்டார். மறுபடி அள்ளினார்.

“தாத்தா வரமாட்டாவ மக்கா. அதத்தான் சொல்லுதேன்.”

“அம்மா கடலுக்குப் போயிருக்காவன்னு சொன்னா.”

“அம்மாவுக்குச் சொல்ல மனசு வரல. அதான் அப்படிச் சொல்லிட்டா.”

“பின்னால வாராவன்னு எல்லாரும் சொன்னாவ. திமிங்கிலம் புடிச்சிருக்காவன்னு சொன்னாவ.”

“அவனுவளுக்கும் மனசு வரல.”

“நீங்க பாத்தீயளா?”

சிலுவை கையிலிருந்த மணலைக் கொட்டினார். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி வரும்போது பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். இப்போதும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார்.

“நான் பாத்தேன்,” என்றார்.

ஆன்லின் எழுந்து வந்தாள். அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணுக்கு நேரே கண்ணை வைத்தாள். தஸ்நேவிஸ் இந்தப் பார்வையை எப்படித் தினமும் தாங்கினார் என்று சிலுவைக்குப் புரியவில்லை.

“என்ன பாத்தீய?”

“வேனுல போனோம். தாத்தா தல என் மடியில இருந்திச்சி. தூங்கிறப்படாதுன்னு நான் ஒரு கத சொல்லிக்கிட்டே போனேன்.”

“என்ன கத?”

“பீரோ கததான். தாத்தாவுக்குப் புடிச்சது. ஏரல்ல ஆரம்பிச்சேன். பாலத்துக்கிட்ட வந்தேன். ஆடு குனிஞ்சிச்சின்னு சொன்னேன். அந்த எடத்துல தாத்தா எப்பவும் என்ன சொல்லுவாவ?”

“நான் பாத்தேன்னு சொல்லுவாவ.”

“சொல்லல.”

ஆன்லினின் கை அவர் தாடையிலிருந்து விலகவில்லை.

“மறுபடி சொன்னேன். ஆடு குனிஞ்சிச்சிவேன்னு. அப்பவும் சொல்லல. மூச்சு இல்ல. கையப் புடிச்சேன், கை என்னப் புடிக்கல.”

“மீனு மாதிரியா?”

கடற்கரைப் பிள்ளை. துள்ளுகிற மீனையும் தெரியும், துள்ளாத மீனையும் தெரியும். ஊரே சேர்ந்து அவளிடம் மறைத்த விஷயத்தின் மேல்தான் அவள் தினமும் காலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

“ஆமா. மீனு மாதிரி.”

“செத்த மீனத் தண்ணியில விட்டாலும் நீந்தாது. நான் விட்டுப் பாத்திருக்கேன்.”

“நீந்தாது.”

கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கத்திலிருந்து வந்தாள். சந்தேகக்காரி லேசில் விடுவாளா? “பொறவு?”

“வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கோயில்ல துக்க மணி அடிச்சாவ. மறுநாளு ஒரு வள்ளங்கூடக் கடல்ல எறங்கல. எல்லா வள்ளமும் இங்கனதான் கெடந்துச்சி.”

“ஞாயித்துக்கெழமையா?”

“இல்ல. செவ்வாக்கெழமை.”

“மாதா திருநாளா?”

“திருநாளும் இல்ல. ஊருல ஒருத்தர் செத்தா அடக்கத்தன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போகமாட்டாவ. உங்கப்பாவும் போகல. அங்கன கல்லறைத் தோட்டத்துக்கு எல்லாரும் வந்தாவ. தாத்தாவ மண்ணுல வச்சோம். நானும் மண்ணு போட்டேன்.”

ஒரு செவ்வாய்க்கிழமை, திருநாளும் இல்லாத நாளில், ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கவில்லை. பீரோவில் வந்ததைவிட நம்ப முடியாத கதை இது. ஆன்லின் கரையில் வரிசையாகக் கிடந்த வள்ளங்களைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பி வந்தாள். புருவம் சுருங்கியிருந்தது.

“ஒரு வள்ளமும் போகலேன்னா,” என்றாள், “தாத்தா எந்த வள்ளத்துல கடலுக்குப் போனாவ?”

“எதுலயும் போகல மக்கா.”

அவள் அழவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. நிஜம் என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் போய் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம், “நீங்களும் தொழிலுக்குப் போகலியா?” என்று மட்டும் கேட்டாளாம். “போகல மக்கா,” என்று டைட்டஸ் சொன்னானாம். ஒருவழியாக அவனும் சொல்லிவிட்டானாம்.

அதன் பிறகு ஒருநாள் கிரேஸி அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். ஆன்லின் மண்மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மரக்குருசில் எழுதியிருந்த பேரைத் தடவிப் பார்த்தாள். உள்ளே இருட்டாக இருக்குமா என்று கேட்டாள். செத்துப்போனவர்களுக்கு இருட்டு தெரியாது என்று கிரேஸி சொன்னாள். பசிக்குமா என்று கேட்டாள். பசிக்காது. அப்போதும் தீர்ப்புச் சொல்லவில்லை.

மத்தியானங்களில் கரைக்கு வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூடையிலிருந்து சிந்துகிற சாளை மீனைப் பொறுக்கிக்கொண்டு இருந்தாள். தன்னை நம்பினாளா இல்லையா என்று சிலுவைக்குத் தெரியவில்லை. இதைவிட அவள் ‘பொய்யி’ என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நிஜம் என்று ஒன்றை வாழ்க்கையில் முதன்முதலாகச் சொல்லிவிட்டு, அது செல்லுபடியாகிறதா என்று தெரியாமல் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே, பாவம், அவருக்குப் பழக்கம் இல்லாத தவிப்பு. அவள் இருக்கிற பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். தூத்துக்குடிக்குப் போய்வரும்போது மறக்காமல் மக்ரூன் வாங்கிவந்து கிரேஸியிடம் கொடுத்தனுப்பினார்.

வாடைக்காற்று திரும்பிய பிறகு, காயல்பட்டினத்திலிருந்து நூகு வந்தார். கருவாட்டு வியாபாரி. வருஷத்தில் எப்போதாவது ஒருமுறைதான் இந்தப் பக்கம் வருவார். வந்தால் முதலில் சிலுவையின் கதை, அப்புறம்தான் கருவாடு. அன்றைக்கும் மணல்மேட்டில் ஏறும்போதே குரல் கொடுத்தார்.

“என்ன சிலுவை அண்ணாச்சி, சுகந்தானா? பீரோ இப்பவும் ஓடுதா, இல்ல கரை தட்டிட்டா?”

சிரிக்க வேண்டிய ஆட்கள் சிரிக்கவில்லை. சிலுவை, “அட, விடும்வே,” என்றார்.

“அதெப்படி விட? கதய ஒருக்காச் சொல்லுங்க. அந்த ஆடு குனிஞ்சத நெனச்சு நெனச்சு வீட்டுல தனியாச் சிரிக்கேன், பொஞ்சாதி எனக்குத் தாயத்துக் கட்டணும்ங்கா.” நூகு சுற்றுமுற்றும் பார்த்தார். “ஓ, சாட்சி இல்லாம சொல்லமாட்டீயளோ? தஸ்நேவிஸ் அண்ணாச்சி எங்க? கடலுக்குப் போயிருக்காஹளா?”

ஏலக்காரன் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். கிரேஸி கையிலிருந்த கூடை கீழே இறங்கியது. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ, சொல்லாமல் விட்டுவிடுவார்களோ என்று சிலுவைக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

“கடலுக்குப் போகல,” என்று ஒரு குரல் வந்தது.

வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஆன்லின், மடியிலிருந்த சாளைகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கீழே குதித்தாள். நூகுவுக்கு நேரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பீரோல வந்தது நெசந்தான்,” என்றாள். “தாத்தா பாத்தாவ.”

நூகுவுக்கு ஒரே சந்தோஷம். “அப்படிச் சொல்லு தாயி! சாட்சிக்கு வாரிசு வந்துட்டு. சரி, தாத்தாவக் கூப்பிடு, அவஹ வாயாலயே கேப்போம்.”

அவள் சிலுவையைப் பார்த்தாள். கண்ணுக்கு நேரே கண்.

“தாத்தா வரமாட்டாவ. செத்துப்போயிட்டாவ.”

நூகுவின் சிரிப்பு பாதியில் நின்றது. முழுக்க மறையவில்லை. இத்தனை வருஷமாகச் சிலுவையின் கதையைக் கேட்ட மனிதர் அல்லவா? இவரையும் நம்பி, இவர் சொல்லிக்கொடுத்துப் பேசுகிற பிள்ளையையும் நம்பி, கடைசியில் தஸ்நேவிஸ் வள்ளத்துக்குப் பின்னாலிருந்து பீடியோடு எழுந்து வந்தால்? “பொய்தான? யாரு சொல்லிக்குடுத்தா?” என்றார். “நீ பாத்தியா?”

“நான் பாக்கல. சிலுவைத் தாத்தா பாத்தாவ.” அவிழ்ந்த சடையைப் பின்னால் தள்ளிவிட்டாள். “அன்னைக்குச் செவ்வாக்கெழமை. ஒரு வள்ளங்கூடக் கடல்ல எறங்கல.”

நூகு மெல்லத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செத்தவருக்காக ஒரு துஆவை முணுமுணுத்தார். ஆன்லின் அது முடியும்வரை காத்திருந்தாள். அப்புறம், கரையில் யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது என்பதுபோல, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“நெசந்தான்.”